மாதேசனுக்காக ஒட்டிய கிரேன் வண்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் பிளாஸ்டிக் பசை வாடை போகவில்லை. ஊதுவத்திக்குப் பேர்போன மைசூரில் இருந்துகொண்டு கட்டுக் கட்டாக ஏற்றியும் பயனில்லை. "பேரன் எடுத்த வயசுல பொம்மை வண்டியா? சாக்கு சாக்கு, எடுத்து வைங்க" என்று, போதும் என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி மனைவி அலுத்துக்கொண்டாள். அவள் மேலும் தப்பில்லை. ஒரு சக்கரத்தைக் கைதவறிச் சாப்பாட்டு மேசையோடு ஒட்டிவிட்டேன். பெயர்த்தபோது மேசையின் பளபளப்பும் கூடவே வந்துவிட்டது.

பெட்டியில் வந்தது, கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் கிரேன் வண்டியின் சின்ன உருவம். துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. பசையை முகர்ந்தால் எனக்கென்னவோ கிரீஸ் வாடைதான் வந்தது. இளவயதில் ஒரு கராஜில் நிஜக் கிரேன் வண்டி ஓட்டியவன் நான். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய வண்டி அது. கூட வந்தவன் கௌதள்ளி ஊர்க்காரன் மாதேசன்.

மாதேஸ்வரன் மலை வளைவில் கருங்கல் லாரி குப்புறக் கிடக்கும். மழை வேறு கொட்டும். நான் மேலே லீவரைப் பிடித்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். மாதேசன் சேற்றில் மல்லாந்து லாரிக்கு அடியில் நுழைவான். உள்ளே ஒன்றும் தெரியாது. கையால் தடவித் தடவியே கொக்கி மாட்ட இடம் பார்ப்பான். இடம் தப்பினால் லாரி அவன் மேலேயே சரியும். "மாட்டியாச்சுங்ணா, இழுங்க!" என்று ஆள் வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

சர்க்கரை வியாதி அவன் கண் இரண்டையும் பறித்துவிட்டது. போனில் ஒருநாள் சொன்னான்: "பொண்டாட்டி புள்ளைக மூஞ்சியெல்லாம் கண்ணுக்குள்ள வருதுங்ணா. நம்ம வண்டி மட்டும் வரமாட்டேங்குது. சோறு போட்ட வண்டிங்க." அவன் கையால் பார்க்கிறவனாயிற்றே என்று தோன்றியதும்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

வெளிநாட்டு வண்டி, ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தது. மாதேசன் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவான் என்று அறுத்து வலப்பக்கம் ஒட்டினேன். எங்கள் வண்டியின் பம்பரில் ஒரு ஒடுக்கு உண்டு. ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கி அதே இடத்தில் அமுக்கினேன். நன்றாகவே வந்தது, நானே மெச்சிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை மடியில் வைத்துக்கொண்டு கௌதள்ளிக்குப் பஸ் ஏறினேன். கொள்ளேகாலில் பஸ் மாறும் நெரிசலில் பக்கக் கண்ணாடி ஒடிந்து, கூரான குச்சி மட்டும் நின்றது. போகட்டும், ஒரு கண்ணாடிதானே என்று விட்டுவிட்டேன்.

வண்டியை மாதேசன் கையில் வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, முன்னாலிருந்து பின்னால் வரை மெல்லத் தடவினான். ஒடுக்குக்காகக் காத்திருந்தேன். விரல் அதன்மேல் போய், நிற்காமல் கடந்தது. ஸ்டீரிங்கையும் கடந்தது.

"அப்பிடியே நம்ம வண்டிங்ணா!" முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் பார்த்தேன். ஒடிந்த குச்சியின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறான். ரத்தம் கதவில் வழிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கொண்டுபோன வியாதி விரலின் உணர்ச்சியையும் கொண்டுபோயிருக்கிறது. லாரிக்கு அடியில் வழி கண்ட கைகள் போயே போய்விட்டன. என் மனசு நோகக் கூடாதென்று தடவித் தடவிச் சிரிக்கிறான், பாவி மனுஷன்.

ஐயோ என்று வாய்வரை வந்துவிட்டது. வண்டியை வாங்கிக் கீழே வைத்து, கைக்குட்டையால் அந்த விரலைச் சுற்றி என் இரண்டு கைக்குள்ளும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்ணா, பேச்சே காணோம்?" என்றான் மாதேசன். "பக்கத்துலதான இருக்கறீங்க?"