பதினெட்டு சென்டிமீட்டர்

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் 'டேப் அக்கா'. கன்டெய்னருக்குள் அடங்காத பெரிய இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றுமுன் அளந்து கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அளந்து முடிக்கும்வரை தொழிற்சாலை அனுப்பிய வரைபடத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டாள்.

"படத்தைப் பாத்துட்டா கை அளக்காதுப்பா. கண்ணு சும்மா தலையாட்டிட்டுப் போயிடும்" என்பாள்.

அந்தப் பிடிவாதம்தான் மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவை அடைத்தது. அண்ணன் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இயந்திரம், படத்தில் இருந்ததைவிட உயரமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினாள். கப்பல் அதை விட்டுவிட்டுப் போனது. அண்ணனின் ஃபோர்மேன் பதவியும் கூடவே போனது. "நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?" என்று கேட்டவன், அப்புறம் அவளோடு பேச்சையே விட்டுவிட்டான்.

இன்று காலை பத்து மணிக்கு அதே தொழிற்சாலையின் லாரி வந்து நின்றது. மேலே நாற்பத்திரண்டு டன் எடையுள்ள உலர்த்தும் உருளை. அதற்குக் காவலாக வந்தவன் அண்ணன்! காதோரம் முழுக்க நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் குனிந்து டயரைப் பார்த்தான்.

அவள் பார்வையை உருளைக்குத் திருப்பினாள். டேப்பின் ஒரு முனையைக் காந்தத்தால் ஒட்டிவிட்டு, தனியாகவே சுற்றிச் சுற்றி அளந்தாள். பிறகு படத்தைப் பிரித்தாள். பதினெட்டு சென்டிமீட்டர் அகலம் கூடுதல்.

ஒரு பக்கத்தில் மோட்டார் உட்காரும் இரும்புத் தாங்கி நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அது இல்லை.

"இது எப்போ வச்சது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"பெயின்ட் அடிச்சப்புறம்" என்றான் அண்ணன், டயரைப் பார்த்தே. "நான்தான் வெல்டிங் பண்ணேன். படமும் அளவும் அதுக்கு முந்தியே கப்பல்காரங்களுக்குப் போயிடுச்சு." தாங்கியை ஒருமுறை தட்டினான். "இந்தக் கப்பலை விட்டா வாங்கறவன் வேண்டாம்னுடுவான். ஆலைக்குப் பூட்டுதான். நீ எழுதறதை எழுதிக்கோ."

அவள் எழுதினாள். ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தோடு நின்றுவிடவும் இல்லை. மூச்சிரைக்கக் கப்பலின் படிகளில் ஏறினாள்.

மேல்தளத்தின் ஓரத்தில், பக்கச்சுவர் இல்லாத தட்டு கன்டெய்னர்களை நெருக்கமாகப் பரப்பி ஒரு மேடை போட்டிருந்தார்கள். உருளை அதில்தான் உட்கார வேண்டும். இடப்பக்கம் கன்டெய்னர் அடுக்கு, வலப்பக்கம் ஆள் நடக்கும் வழி. தாங்கி வருவதோ இடப்பக்கம்.

கப்பல் அதிகாரி காகிதத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இடிக்கும்மா. கரையிலேயே இருக்கட்டும்."

"முன்பின்னாத் திருப்பி வைங்க சார். முன்பக்கம் பின்னால வந்துட்டா தாங்கி நடைவழிப் பக்கம் நீட்டிக்கும்."

"கனமான முனையும் மாறிடுமே? அடிக்கட்டை, கட்டு எல்லாம் புதுசாப் போடணும். நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

"ரெண்டு மணிக்கு மேடை தயாரா இருக்கும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நானே உங்களுக்குக் கையாட்டி வழியனுப்பறேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு மணி. ஒரு நிமிஷம்கூடத் தாண்டக் கூடாது."

இறங்கி ஓடிவந்தாள். "அண்ணே! கனம் எந்த இடத்துல நிக்குதுன்னு இந்தத் துறைமுகத்துலயே உனக்கு மட்டும்தான் தெரியும். கோவத்தை இங்க வச்சுட்டு மேல வா. அது எங்கயும் ஓடாது, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். டயரை விட்டு நகர்ந்து அவள் பின்னால் வந்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் சாக்பீஸால் கோடு போட்ட இடமெல்லாம் கட்டைகள் மாறின. தோல் உரிந்த கையோடு அவனும் கட்டை சுமந்தான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிரேன் உருளையைத் தூக்கியது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே அது மெல்லத் திரும்பியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை.

உருளை உட்கார்ந்தது. சங்கிலிகள் இறுகின.

இடப்பக்க இடைவெளியைக் கடைசியாக அளக்க டேப்பை எடுத்தாள். காந்தத்தைத் தேடுவதற்குள் மறுமுனையை ஒரு கை பிடித்துக்கொண்டது. எண்ணெய்க் கறை படிந்த கை.

"எவ்வளவு?" என்றான் அண்ணன்.

"இருபத்தியொண்ணு. தாராளம்." கண்ணீரில் எண்கள் கலங்கின.

அவன் முனையை விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அண்ணி புது பீரோ பாத்து வச்சிருக்கா. வாசல்ல நுழையுமான்னு அளக்க ஆள் இல்ல."

"வரேன்" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "கடைக்காரன் சொன்ன அளவை மட்டும் எங்கிட்ட முன்னாடியே சொல்லிடாதே."