பொன்னுருக்கிய பிறகு அப்பா போன இடம்

சாவகச்சேரியில் பிறந்து லண்டன் எட்மண்டனில் கண்மூடிய எங்கள் அப்பாவை எல்லோரும் அமைதியானவர் என்கிறீர்கள். அவருடைய பிடிவாதம் வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும்.

எண்பதுகளில் அகதியாக லண்டன் வந்த அப்பாவுக்கு அறை வாடகைக்குக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. கொடுத்தவர், தனியாக வாழ்ந்த ஒரு யூத மூதாட்டி. பேக்கரியில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்குச் சூப் வைத்திருப்பார். அப்பா அதில் களவாக மிளகாய்த்தூள் போடுவாராம். பின்னர் அம்மாவும் நானும் வந்து சேர்ந்ததும் அந்த வீட்டுக்குத்தான். அந்தச் சமையலறையின் சூட்டை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது.

தொண்ணூறுகளில் எனக்கு ஜெர்மனியில் மாப்பிள்ளை பொருந்தியது. கலியாணம் நடக்கவிருந்த ஊருக்குப் பக்கத்தில், ஹிட்லர் காலத்து வதைமுகாம் ஒன்றை நினைவிடமாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். மூதாட்டியின் தம்பி இறந்தது அங்கேதான். பயணம் செய்ய முடியாத அவர், தம்பிக்காக அங்கே வைக்கும்படி, தங்கள் வழக்கப்படி, தோட்டத்துக் கல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் ஓம் என்றுவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றே தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். அதன் பிறகு கலியாண வீட்டார் செத்தவீட்டுப் பக்கமே போவதில்லை. கலியாணம் முடிந்த கையோடு எங்களை ஏற்றி வந்த வான் லண்டன் திரும்பிவிடும். இடையில் இருந்தது ஒரே ஒரு பகல். அப்பா கல்லை எடுத்துக்கொண்டு அந்த நினைவிடத்துக்குப் போய்விட்டார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆத்திரத்தில் துள்ளிக் குதித்தார். "அத்தான் இனித் தாரை வார்க்கேலாது. பிள்ளையை நான் பிடிச்சுக் குடுக்கிறன்!" செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டி, அவருடைய தாயார் நேரே புறப்பட்டு வந்தார். கலியாணம் நின்றுவிட்டதென்றே நான் நினைத்தேன்.

அப்பா திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழையாமல் பின்வளவுக் குழாயில் தலை முழுகி நடுங்கிக்கொண்டு நின்றார்.

"அங்கை என்ன இருக்கு, அண்ணை?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"புல்லுத்தரை. துப்புரவாய் வைச்சிருக்கிறாங்கள். ஆர் எங்கை கிடக்கினம் எண்டுதான் தெரியாது. கல்லை வைச்சிட்டு வந்தனான். நாளைக்கு நான் ஒதுங்கி நிக்கிறன், தங்கச்சி. பிள்ளையின்ரை கலியாணம் நடக்கட்டும்."

மாப்பிள்ளையின் தாயார் கொடியில் கிடந்த துவாயை எடுத்தார். "என்ரை தம்பியையும் ஊரிலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவன் கிடக்கிற இடத்துக்கும் ஆரும் ஒருத்தர் இப்பிடிப் போயிருந்தால்..." துவாயை நீட்டினார். "தலையைத் துவட்டுங்கோ. நாளைக்கு நீங்கள்தான் தாரை வார்க்க வேணும்."

அடுத்த நாள் அப்பாவே என் கையைப் பிடித்துக் கொடுத்தார். செம்பில் தண்ணீர் எடுத்துத் தந்தவர் மாமா.

அப்பாவின் கடைசி நாட்களில் முறைவைத்து ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், தொலைபேசியில் எங்களோடு அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஜெர்மனியிலிருந்து ஓடிவந்து, "அண்ணை" என்று அழைத்து, தங்கையாக நின்று வாய்க்கரிசி போட்டவர் என் மாமியார்தான்.