ஆங்கிலத் தேர்வுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்

நிரந்தர விசாவுக்குப் புள்ளிகள் போதாமல், 2011இல் மெல்பர்னில் ஆங்கிலத் தேர்வுக்குப் போயிருந்தேன். பேச்சுத் தேர்வுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு வெல்டர். சிவப்புத் தாடி, கிளாஸ்கோ உச்சரிப்பு. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், அது போய்ச் சேர்ந்ததா என்று நம் முகத்தைப் பார்ப்பார்.

"பிரிட்டிஷ்காரருக்கு எதுக்கு இந்தத் தேர்வு?" என்றேன்.

"எனக்கும் புள்ளி குறையுதும்மா. கிடைக்கலைன்னா ஊருக்கு மூட்டை கட்டணும்."

சென்னையில் இரண்டு வருடம் கிளாஸ்கோ வாடிக்கையாளருடன் தினமும் போனில் பேசியவள் நான், எல்லாம் புரிந்தது.

கழிப்பறை எங்கே என்று வரவேற்புப் பெண்ணிடம் மூன்று முறை கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அதையே என் மதுரை ஆங்கிலத்தில் சொன்னேன். உடனே வழி காட்டினாள்.

அவரைத் தேர்வறைக்குள் அழைத்தார்கள். எழுந்தவர் என் பக்கம் குனிந்து, "நீயும் கூட வாயேன்," என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.