நான் ஏறினால் மட்டும் கேட்ட சத்தம்

எங்க வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஆணியும் கீலும் போல்ட்டும் விற்கிற மனுஷர், தலை நரைக்கிற வயசில் ஒரு பழைய பந்தய பைக்கை வாங்கி வந்து நிறுத்தினார். சேற்றிலும் மேட்டிலும் குதித்து ஓடுகிற ஜாதி. சீட்டே என் நெஞ்சு உயரம்.

"இதில நான் எப்படிங்க ஏற? ஏணி வச்சா?"

"ஏணியும் நம்ம கடையில இருக்குளா."

சேலை கட்டினவள் ஏறுவாள் என்று அந்த வண்டியைச் செய்தவன் நினைத்திருக்கவே மாட்டான். சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க இவரே கம்பி வளைத்து இடது பக்கம் சாரி கார்டு மாட்டினார். அதற்குக் கீழே, ஒரு பக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் வைக்க ஒரு தகடு. கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஏறிக் கடற்கரைக்குப் போவோம். வீடு நிறைய ஆள் இருந்த காலம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது அந்த வண்டியில்தான். எனக்கு வண்டி பிடிக்காது என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு சத்தம் வந்தது. தேங்காய் துருவுகிற மாதிரி, கறகறவென்று. கியர் பாக்ஸ்தான் என்று இவர் முகம் வாடிப் போனது. ஒர்க்‌ஷாப்பில் மலையாளத்து மேஸ்திரி ஓட்டிப் பார்த்தார், சத்தமில்லை. இவர் ஓட்டினார், இல்லை. மேஸ்திரியைப் பின்னால் வைத்து ஓட்டினார், அப்போதும் இல்லை. வீட்டுக்கு வந்து நான் ஏறினேன். கறகற.

"உன்னைக் கண்டா வண்டிக்கும் பயம்ளா."

"உங்களுக்கு இல்லையே, அதுக்காவது இருக்கட்டும்."

சிரித்தார். ஆனால் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இதுக்கு உள்சாமான் எங்கயும் கிடைக்காது. மேஸ்திரி திறந்து பார்த்து, பல்லு போயிருந்தா பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான்."

எனக்கு ஒரே நினைப்பு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை?

திறப்பதற்கு முன்னால் சேச்சியை, அதாவது என்னை, ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். நான் அடுத்தவர் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். ஒர்க்‌ஷாப்பில் அத்தனை ஆண்பிள்ளைகள், எதிரே டீக்கடையில் இன்னும் கொஞ்சம் பேர். அவர்கள் பார்க்க அந்த உயரத்தில் ஏறவேண்டும். மாட்டேன் என்று இரண்டு நாள் தள்ளிப் பார்த்து, கடைசியில் போனேன்.

"சேச்சி, ஒண்ணு கேறி இருக்கணும், கேட்டோ" என்றார் மேஸ்திரி. ஏறினேன். இவர் மெல்ல ஓட்ட, மேஸ்திரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்குக் காதைக் கொடுத்துக் குனிந்தபடியே கூட ஓடி வந்தார். தெருவே சிரிக்கிறது. நான் தலையைத் தூக்கவில்லை.

"அண்ணாச்சி, நியூட்ரல் ஆக்கு! எஞ்சின் ஓஃப் செய்!"

எஞ்சின் நின்றது. வண்டி இறக்கத்தில் சும்மா உருண்டது. அப்போதும் கறகற.

"கியர் பாக்ஸ் அல்ல!" என்று மேஸ்திரி கத்தினார். "இது பின்னால எங்கேயோ."

அந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு கைவண்டி வந்தது. பயத்தில் காலை மேலே தூக்கிவிட்டேன். சத்தம் நின்றது.

"சேச்சி, கால் தாழ்த்திக்கோ... இனி பொக்கு... தாழ்த்து..."

நடுத்தெருவில் நான் காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக. வைத்தால் கறகற, தூக்கினால் அமைதி. டீக்கடையில் ஒருத்தர் டம்ளரைப் பிடித்தபடியே எழுந்து வந்துவிட்டார்.

வண்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள். கால் வைக்கிற தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டின் நுனி செயினுக்கு நேர்மேலே நீட்டிக்கொண்டு, உரசி உரசி வெள்ளியாக மின்னியது. தகடு நாளாகத் தளர்ந்திருந்தது; நான் கால் ஊன்றினால் தாழும், நுனி செயினில் படும். காலை இருபுறமும் போட்டு உட்காருகிற ஆண்பிள்ளைகள் அந்தத் தகட்டை எங்கே மிதித்தார்கள்!

"இத்ர நீளத்துக்குப் போல்ட்டு? ஏது கடையில வாங்கிச்சு?" என்றார் மேஸ்திரி.

இவர் செயினையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்கு யார் வந்தாலும் "ஒரு சைஸ் கூடவே இருக்கட்டும், பலம்" என்று எடுத்துக் கொடுக்கிற மனுஷர். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"நம்ம கடையிலதான்" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவரும் சிரித்துவிட்டார், காது சிவக்க.

நுனியை அறுத்துத் தள்ள ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு கடற்கரை வேண்டாம், மலைப் பக்கம் கல்லாறு வரைக்கும் போவோம் என்றார். போனோம். வண்டி எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. நெடுமங்காடு தாண்டினதும் நீளப் போல்ட்டில் உள்ள நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பென்றால் கறகறவில் பாதி கேட்காது. இப்போது கல்லாறு வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே போனேன்.