ஒரே கம்பனிக் குண்டுகள்

குறிஞ்சிப்பிட்டியில் சாச்சாவின் வளவில் வெங்காயம் காயும்போது, மேலே மூடிய படங்கைக் காற்று தூக்காமல் இருக்க நான்கு மூலையிலும் பாரம் வைப்பார்கள். மூன்று மூலைகளில் கல். நான்காவதில் ஒரு பச்சைப் போலிங் குண்டு. வெயிலில் அதன் மினுக்கம் போய்விட்டது. விரல் விடும் மூன்று துளைகளிலும் மணல் ஏறிக் கிடக்கிறது. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அதில்தான் விழும். விழாமல் இருக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு கற்பிட்டிக் கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் நான் ஸ்டோர் கிளாக். என் வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்கும் அங்கே வேலை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த காலம் முதல் உப்பளத்தில் வெந்த மனுசனுக்கு, குளிரூட்டிய அறையில், குண்டை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் போலிங் விளையாட்டுத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதைச் சொல்லிச் சொல்லி நான் பெருமைப்பட்டதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அங்கிருந்த குண்டுகள் கொழும்பில் மூடிய ஓரிடத்திலிருந்து வாங்கிய பழையவை. நாலைந்து கம்பனி, நாலைந்து நிறம். ஒரே பாரமுள்ள இரண்டு குண்டுகளில் ஒன்றின் துளை ஒடுக்கமாக இருக்கும், மற்றதில் அகலமாக இருக்கும். சாச்சாவுக்கு அதெல்லாம் கைப்பாடம். விருந்தாளி சப்பாத்து மாற்றிக் கொண்டிருக்கும்போதே அவர் கையைப் பார்த்துவிடுவார். மெலிந்த விரலும் நல்ல பலமும் உள்ளவனுக்கு ஒன்று. தடித்த விரலும் தளர்ந்த கையும் உள்ள கிழவருக்கு அந்தப் பச்சை. பாரம் குறைந்து துளை பெருத்தது அது ஒன்றுதான். ஆங்கிலம் தெரியாத மனுசன் குண்டை நீட்டுவார், அவர்கள் விரலை விட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள்.

புதிதாக வந்த மெனேஜருக்கு இந்தப் பல நிறக் குண்டுகள் கண்ணில் குத்தின. படம் எடுத்தால் அழகில்லையாம். ஒரே கம்பனியில், நீல நிறத்தில் முழு வரிசையும் எடுப்போம் என்றார். மாதிரிக்கு வந்தவற்றில் சாச்சா விரலை விட்டுப் பார்த்தார். பாரம் குறையக் குறையத் துளையும் ஒடுங்கியது. மெனேஜரிடம் சொல்ல அவருக்குப் பாஷை இல்லை, என்னிடம்தான் சொன்னார்.

"மகன், எல்லாருக்கும் ஒரே மாதிரி விரலா? புதுசு வாங்கட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. பழசுல ரெண்டு மூண்ட வெச்சிக்கச் சொல்லு."

நான் சொல்லவில்லை. மெனேஜரின் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான் காரணம். புதிய குண்டுகள் எல்லா விருந்தாளிகளுக்கும் பொருந்தும், பழையவை தேவையில்லை என்று தளப் பொறுப்பாளரான சாச்சா ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது. அதை ஆங்கிலத்தில் நானே எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நான் சொன்னத எழுதிட்டியா?"

"ஓம் சாச்சா."

எங்கள் குடும்பத்தில் சொந்தப் பிள்ளை நீட்டுகிற கடதாசியை யாரும் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. கேட்டால் அது அவமரியாதை. "நீ எழுதினா சரிதானே" என்று கையெழுத்து வைத்தார். புது வரிசை வந்த அன்றைக்கே பழைய குண்டுகள் குப்பைக்குப் போயின. பச்சையை மட்டும் அவர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பயந்தது நடந்தது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர், தடித்த விரல், பாரம் தூக்க முடியாத தோள். சாச்சா கையை ஆட்டி ஆட்டித் தடுத்தார். விருந்தாளி கேட்டதைக் கொடு என்று மெனேஜர் அதட்டினார். லேசான நீலக் குண்டில் கட்டைவிரல் இறுகிக்கொண்டது. வீசிய வேகத்தில் குண்டோடு சேர்ந்து மனுசனும் விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

விசாரணையில் அந்தக் கடிதம் மேசைக்கு வந்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று நீதானே ஒப்பமிட்டாய் என்றார்கள். அதை அவருக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான். சொன்னேன். சாச்சா கடிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எழுதியவன் நான் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அவரை அனுப்பினார்கள். நான் இன்னும் ஆறு வருடம் அதே கதிரையில் இருந்தேன், வீடும் கட்டி முடித்தேன்.

போன மாதம் அவரிடம் போனேன். மன்னாரில் மூத்தவாப்பாவின், அதாவது சாச்சாவின் வாப்பாவின், காணியைப் பிரிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். சாச்சி தேத்தண்ணீர் தந்தா. சாச்சா என் மூத்த மகளின் சுகம் விசாரித்தார். பத்திரத்தை நீட்டினேன், பேனையையும். பத்திரத்தை மட்டும் வாங்கி மேசையில் வைத்தார்.

"மகள் ஸ்கூல்ல படிப்பிச்சிட்டு ரெண்டு மணிக்கு வருவா. அவ வாசிக்கட்டும்."

"தமிழ்லதான் இருக்கு சாச்சா. நீங்களே வாசிக்கலாம்."

"ஓம், தெரியுது."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். களப்புக் காற்று பத்திரத்தைப் படபடக்க வைத்தது. அவர் மெதுவாக எழுந்துபோய், படங்கின் மூலையிலிருந்து பச்சைக் குண்டைத் தூக்கி வந்து பத்திரத்தின் மேல் வைத்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. குண்டுக்கு முன்னால் நான் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.