ஆறு பக்கத்தில் முடிந்த பொலிஸ் உத்தியோகம்

கனடாவில், யூனியன்வில்லில் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவருக்கு நான் ஏழு மாதம் தட்டச்சு செய்து கொடுத்தேன். இளமையில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. பிறகு, பிரிட்டன் ஆண்ட ஒரு சின்னத் தீவில் பொலிசின் இரண்டாவது பெரிய ஆள். ஓய்வுபெற்று, மகளோடு இங்கே வந்து இருந்தார். பேரப்பிள்ளைகளுக்காகத் தன் உத்தியோக வரலாற்றை எழுத விரும்பினார். கை நடுங்கும். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடிப்பேன்.

ஐந்து மாதம் ராணுவத்திலேயே போனது. பாலைவனத்தில் நடந்த ஒரு நடையை மட்டும் ஒன்பது தரம் திருத்தினார். சப்பாத்துக்குள் மணல் புகுந்த விதம் சரியாக வரவில்லையாம். எனக்கோ பொலிஸ் கதைதான் வேண்டியிருந்தது. கேட்டால், "அதற்கு அவசரமில்லை" என்பார்.

ஒருவழியாக அந்த அத்தியாயம் வந்தது. ஆறே பக்கம். பதவி உயர்வுகள், ஆளுநர் வீட்டு விருந்து, இரண்டு பதக்கம். நடுவில் ஒரு வரி: பதினொரு நாள் ஊரடங்கு அமைதியாக முடிந்தது.

என் விரல்கள் நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்தில் ஊரடங்குக்குள் வளர்ந்தவள் நான். பால்மா முடிந்து, தம்பிக்கு அம்மா சீனித்தண்ணி பருக்கிய நாட்கள் எனக்குத் தெரியும்.

"சேர், சனத்துக்கும் அமைதியாகத்தான் இருந்ததா?"

"அறிக்கையில் அப்படித்தான் இருந்தது."

"அறிக்கையை எழுதியது யார்?"

"நான்தான்."

பிறகு தானாகவே சொன்னார். "ஐந்தாம் நாள் ஒருவன் வாசலுக்கு வந்தான். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியைக் கூட்டிவர வேண்டும் என்றான். அனுமதிச் சீட்டுகள் என் மேசையில்தான் இருந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன். ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள்."

"பிள்ளை?"

"விசாரிக்கவில்லை."

மளமளவென்று அடித்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"அதை அழி. அது உத்தியோக வரலாறு இல்லை."

"இதுதான் சேர் வரலாறு."

"அழி."

அழித்தேன். அந்தக் குரலுக்கு என் கை ஏன் பணிந்தது என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது கணவர், "அந்தாள் சொல்லுறதை அடிச்சுக் குடுத்திட்டு வாருமன்" என்றார்.

"அதைத்தானே செய்தனான்!" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அடுத்த கிழமை போனால், ராணுவத்தில் தான் ஓட்டிய குதிரையை மறந்துவிட்டோம் என்றார். அதற்குத் தனி அத்தியாயம். பதினான்கு பக்கம்.

அதை முடித்துக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அவருடைய மகள் காரணம் கேட்டாள். தூரம் கூட, பஸ்ஸில் வந்துபோக ஏலாமல் கிடக்கு என்று பொய் சொன்னேன். நம்பிவிட்டாள்.