நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு ஒரு விலாசம்

தபால்காரர் அந்தச் சந்துக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே இருந்த நாற்பத்தொரு வீட்டில் ஒன்றுக்கும் கதவிலக்கம் கிடையாது. தகரமும் பலகையுமாக ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நின்ற அந்த வீடுகள், நகராட்சி வரைபடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம். சந்தின் முகப்பில் இருந்த ஒரே வீட்டுக்குத்தான் இலக்கம் உண்டு: ஏழு. சந்துக்கே மனு எழுதிக் கொடுத்து மனுக்காரி என்று பெயரெடுத்தவளின் வாடகை வீடு அது.

ஆகவே சந்துக்கு வரும் கடிதமெல்லாம் ஏழாம் எண்ணுக்கே வரும். பள்ளிக்கூடத்திலிருந்து வருவது, மருத்துவமனையிலிருந்து வருவது, சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன மகன் மூன்று வருடம் கழித்து எழுதியது, எல்லாம். மனுக்காரி ஒரு மரப்பெட்டிக்குள் அட்டையை வெட்டிச் செருகி நாற்பத்தொரு அறை செய்து வாசலில் மாட்டியிருந்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வோர் அறையின் மேலும் ஒரு படம். தையல்காரிக்குக் கத்தரிக்கோல், பூட்டு ரிப்பேர்க்காரருக்குச் சாவி. வேலைவெட்டி இல்லாத ஒருவருக்கு, வம்புக்கென்றே, ஒரு கட்டில். அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கடிதம் வந்தபோது கட்டிலிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார். அடுத்தவர் கடிதத்தை மனுக்காரி பிரிக்கவே மாட்டாள். அவர்களாகக் கொண்டுவந்து நீட்டினால்தான் படித்துச் சொல்வாள்.

பிழைப்பு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். ஈரம் போகாத விரிப்புகளைச் சூட்டு உருளைகளுக்கு நடுவே செலுத்துகிற வேலை. இருபத்தாறு வருடத்தில் வலது கையில் நாலு தழும்பு. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனாலும் எழுத்து மணிமணியாக இருக்கும். முதலில் கூட வேலை செய்பவர்களுக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு மனு. இரண்டு வருடம் நடையாய் நடந்தாள், குழாய் வந்துவிட்டது. அதுதான் அவளைக் கெடுத்தது என்பார் அவள் கணவர். ஒரு தடவை ஜெயித்த வாய்க்கு அந்த ருசி போகாதாம்.

அவர் லாரியில் மூட்டை ஏற்றி முதுகைப் பறிகொடுத்தவர். வாயை மட்டும் பறிகொடுக்கவில்லை. "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்று அவள் சொன்னால், "நகரும் நகரும். நகர்ந்து வந்து நம்ம கால் மேலதான் விழும்" என்பார்.

வீட்டுக்கான மனு தொடங்கியது தையல்காரியால். அவள் பக்கத்து வீட்டுக்காரி, கூடப் பிறக்காத தங்கை. ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்துவந்தாள். இன்னொரு மெஷின் வாங்கி இன்னொருத்திக்கும் வேலை கொடுக்கலாம் என்று வங்கியில் கடன் கேட்டுப் போனாள். துணைக்குப் போனது மனுக்காரி. மேலாளர் விண்ணப்பத்தை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. சந்தின் பெயரைப் பார்த்ததும் மடித்துவிட்டார்.

"சொந்த வீடு இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப எதை நம்பிக் கடன் கொடுக்கிறது?"

திரும்பி வரும்போது தையல்காரி அழவில்லை. அழுதவள் மனுக்காரிதான். அன்றைக்கே உட்கார்ந்து முதல் மனுவை எழுதினாள். அதற்கப்புறம் ஆறு வருடம். எந்த அலுவலகத்தில் எந்த நாற்காலிக்கு மூன்று கால் என்பதுவரை அவளுக்குத் தெரியும். பொது விசாரணை ஒன்றில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க இனாம் கேட்கலைங்க. வாடகைன்னு மாசாமாசம் கொடுக்கிறதையே தவணைன்னு வாங்கிக்குங்க. எங்களுக்கு வேண்டியது எங்க பேர்ல ஒரு கதவு. கதவு இருந்தா கடன் கிடைக்கும், கடன் கிடைச்சா தொழில் நடக்கும். அப்புறம் உங்ககிட்ட வந்து நிக்கவே மாட்டோம்." கைதட்டியவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள். கைதட்டுவதற்குச் செலவு இல்லை.

சில நாள் கணவரும் கூட வந்து அலுவலக வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று தன்னையே காட்டிச் சொல்லுவார். சந்தே சிரிக்கும்.

கடைசியில் அம்மி நகர்ந்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஐந்து மாடிக் கட்டடங்கள் எழும்பின. சொந்த வீடு இல்லாதவர்கள் மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. மனுக்காரி தன் படிவத்தை முதலில் நிரப்பி, எல்லோரும் பார்த்து எழுதுவதற்காகப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். பார்த்து எழுதினார்கள். விலாசம் என்ற கட்டத்தில் நாற்பத்தொரு குடும்பமும் ஏழு என்றே எழுதியது. யாருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. விலாசம் என்றால் அவர்களுக்கு அதுதானே? வேறு எதை எழுதுவார்கள்?

மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாகச் சரிபார்த்தாள் மனுக்காரி. பிறந்த தேதி, கையொப்பம், சம்பளச் சான்று, ஒன்றையும் விடவில்லை. விலாசத்தையும் பார்த்தாள், நாற்பத்திரண்டு தடவை. உறைக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினாள். தன்னுடையதை அடியில் வைத்தாள். மனு எழுதுகிறவள் வரிசையில் முன்னால் நிற்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

நாலு மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன, எல்லாம் ஒரே நாளில். "இன்னைக்கு என் பையில பாதி உங்களுதுதாம்மா" என்று தபால்காரர்கூடச் சிரித்தார். அவள் அறை அறையாகப் போட்டாள். தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

பூட்டு ரிப்பேர்க்காரர் முதலில் வந்து பிரித்து நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள். "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இதே விலாசத்திலிருந்து வேறொரு விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது." அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. ஏழெட்டுக் கடிதத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டாள். எல்லோர் கண்ணும் அவள் மடிக்குப் போனது.

"உன்னுதைப் பிரிச்சுப் பாருக்கா" என்றாள் தையல்காரி.

பிரித்தாள். மூன்றாம் மாடி, இரண்டு அறை, அவள் பெயரில்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டில்காரர் மட்டும் எழுந்து போகும்போது சொன்னார்: "ரொம்ப நல்லா எழுதின மனும்மா."

மறுநாள் அவளும் கணவரும் வீட்டுவசதி அலுவலகத்தில் நின்றார்கள். அதிகாரி கெட்டவர் அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஒரு விலாசத்துக்கு ஒரு வீடும்மா. முதல்ல பதிவாகிறதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கும், மத்ததைத் தள்ளிடும்."

"என்னுது கடைசியில இருந்துச்சு சார். கட்டுக்கு அடியில வச்சேன்."

"கட்டை அவிழ்த்துக் கவுத்து வச்சிருப்பாங்க. கீழ இருக்கிறதுதானே மேல வரும்?"

"அப்ப எனக்கு வேண்டாம்னு எழுதித் தர்றேன். எங்க தையல்காரிக்குக் கொடுங்க."

"அவங்களைத் தள்ளியாச்சேம்மா. நீங்க விட்டா அது வெளியில வேற யாருக்கோ போகும்." அவர் இன்னொரு தாளை எடுத்தார். "இதையும் சொல்லிடறேன். அந்தச் சந்தை இடிக்க உத்தரவு வந்திருக்கு. அங்க பதிவான வீடு ஒண்ணுதான், ஏழு. அதுக்கு மாற்று வீடு கொடுத்தாச்சு. அதனால இனி தடை ஒண்ணும் இல்ல."

"நான் போகலைன்னா?"

"கொடுத்தது கொடுத்ததுதாம்மா. போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட இல்லை. வீடு வேண்டும் என்று ஆறு வருடம் கத்தினாள். அவள் வாங்கிய ஒரு வீட்டைக் காட்டியே நாற்பத்தொரு வீட்டை இடிக்கப் போகிறார்கள். அதிகாரி இழுப்பறையிலிருந்து மேல்முறையீட்டுப் படிவங்களை எண்ணாமல் அள்ளிக் கொடுத்தார்.

நாற்பத்தொன்றையும் அவளே எழுதினாள். சந்துக்குள் இலக்கமே இல்லை என்று விளக்கி ஒரு தாளையும் ஒவ்வொன்றோடும் இணைத்தாள். பதில் அனுப்ப வேண்டிய விலாசம் ஏழு. தெரிந்தேதான் எழுதினாள், வேறு வழியில்லை. வீடு வீடாகப் போனபோது நிமிர்ந்து பார்க்காமல் கையொப்பமிட்டார்கள். "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டாள் தையல்காரி.

பதில் வருவதற்கு முன்னால் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆறு வருடம் இழுத்தடித்தவர்கள் இடிப்பதை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிலர் சொந்தக்காரர் வீட்டுக்கு, சிலர் வேறு ஊருக்கு, சிலர் எங்கே என்று சொல்லவே இல்லை. தையல்காரி மெஷினின் தலைப்பாகத்தைக் கழற்றிக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மனுக்காரி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்களோட வந்து இரு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு."

"உன் வீட்டுக்கு விருந்தாளியா வரவா ஆறு வருஷம் உன் பின்னாடி அலைஞ்சேன்? விடுக்கா கையை."

மூன்றாம் மாடி வீட்டில் ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, அவள் பெயர் எழுதிய கதவு இருந்தது. மனுக்காரிக்கு அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் திருடியதுபோல் கூசியது. முதுகு வலியோடு படி ஏறி இறங்க முடியாமல் கணவர் வீட்டோடு கிடந்தார். அம்மியைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. மரப்பெட்டியைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை ஒரு கட்டுக் கடிதம் வந்தது. ஏழாம் எண்ணுக்கு வருவதையெல்லாம் புது வீட்டுக்குத் திருப்பிவிட அவள் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். நாற்பத்தொரு உறை. வாழ்க்கையில் முதல் முறையாக அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தாள். "தங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் தற்போது குடியிருக்கும் விலாசத்தைத் தெரிவிக்கவும். அங்கு நேரில் ஆய்வு செய்தபின் வீடு ஒதுக்கப்படும்."

சலவைக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தேடக் கிளம்பினாள். கால் தேய அலைந்தாள். பதினாலு நாளில் கண்டுபிடித்தது இரண்டே பேரை. பூட்டு ரிப்பேர்க்காரர் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தார். கட்டில்காரர் ஒரு கிடங்கில் காவல் வேலையில் சேர்ந்திருந்தார், தூங்கவே கூடாத வேலை. இருவரிடமும் கடிதத்தைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். விலாசம் கேட்கும் வரியை அவள் படித்துச் சொன்னதும், எழுத ஒரு விலாசம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினைந்தாம் நாள் தையல்காரி அகப்பட்டாள். ஒரு துணிக் கம்பெனியில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை விற்றுவிட்டாளாம். வெட்டு மேசைக்குக் கீழே அவளுடைய பாயும் ஒரு பையும் இருந்தன. மனுக்காரி கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, படிவத்தை மேசைமேல் விரித்தாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். நீ சொல்லு, நான் எழுதுறேன். சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடலாம்."

தையல்காரி விலாசக் கட்டத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன முகம்.

"இங்க படுக்கிறேன்னு தெரிஞ்சா முதலாளி இன்னைக்கே வெளிய தள்ளிடுவான். நீயே சொல்லுக்கா. எந்த விலாசம் எழுதுறது? உன்னுதையா?"

மனுக்காரி பேனாவின் மூடியைத் திறந்தாள். ஒன்றும் எழுதாமல் திரும்ப மூடினாள்.